பிளக்கில் அளந்தது

என் அண்ணி யாரையும் எதையும் நம்பமாட்டாள். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. டியூப் லைட்டுக்குச் சோக்கு செய்கிற தொழிற்சாலையில் சோதனை அறை அவள் பொறுப்பில் இருக்கிறது. சோக்கின் மேல் என்ன அச்சடித்திருக்கிறதோ அது உண்மையா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பெரும்பாலும் உண்மையாக இருக்காதாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை பொய் பிடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்?

கல்யாணமான புதிதில் நான் கொண்டுவந்த இஸ்திரிப் பெட்டியை அவள் அளந்து பார்த்தாள். கைக்கு அடக்கமாக ஒரு மீட்டர் வைத்திருக்கிறாள். அதைச் சுவரில் செருகி, அதன் முகத்தில் சாமானின் பிளக்கைச் செருகினால் எத்தனை வாட் இழுக்கிறது என்று சின்னத் திரையில் காட்டும். "ஆயிரம் வாட்டுன்னு போட்டிருக்கான். எண்ணூறுகூட வரல" என்றாள். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். என்னமோ என் அப்பாவே உட்கார்ந்து அந்தப் பெட்டியைச் செய்து ஏமாற்றி அனுப்பிவிட்ட மாதிரி. அன்றிலிருந்து அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

அப்படிப்பட்டவள் அதே மீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். என் குழந்தைக்கு வைத்திருந்த லைட்டை அளக்க வந்தாளா, என்னை அளக்க வந்தாளா என்று தெரியவில்லை.

என் மகளுக்குப் பிறந்த மறுநாளே மஞ்சள் தட்டிவிட்டது. டாக்டர் அவள் மூக்கு நுனியை விரலால் அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், லைட்டில் போடச் சொன்னார். பிறந்த குழந்தைகளுக்கு இது சகஜம், நீல வெளிச்சம் பட்டால் மஞ்சள் கரைந்துவிடும், பயப்படாதீர்கள் என்றார். நானும் பயப்படவில்லை. வார்டுக்குப் பக்கத்து அறையில் இரண்டு ஸ்டாண்டுகள் இருந்தன. சக்கரம் வைத்த இரும்புக் கால், மேலே நீளமான தகரப் பெட்டி, பெட்டிக்கு அடியில் வரிசையாக ஆறு நீல டியூப்கள். அதன் கீழே கண்ணாடித் தொட்டிலில் குழந்தையைக் கண் கட்டி, அரைத்துணியோடு படுக்க வைப்பார்கள். பால் கொடுக்க மட்டும் வெளியே எடுக்கலாம்.

ஜன்னல் பக்கத்து ஸ்டாண்டில் இன்னொருத்தியின் பையன் இருந்தான். சுவர் பக்கத்தில் என் மகள். இருவரும் ஒரே நாள்தான் லைட்டுக்கு வந்தார்கள். பையனுக்கு அடுத்த நாளே ரத்தத்தில் மஞ்சள் அளவு இறங்க ஆரம்பித்துவிட்டது. என் மகளுக்குப் பத்தொன்பது. மறுபடி எடுத்தார்கள், பத்தொன்பதரை.

அப்போதுதான் எல்லோருக்கும் சந்தேகம் பிறந்தது. என் மாமியாருக்கு என் பால்மேல் சந்தேகம். "தண்ணியே குடிக்க மாட்டேங்கிறா, பால் எப்படி ஊறும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வார்டைக் கட்டி மேய்க்கிற பெரிய சிஸ்டருக்கு நான் குழந்தையைத் திருட்டுத்தனமாக வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று சந்தேகம். கதவைத் தட்டாமல் திடீர் திடீரென்று எட்டிப் பார்ப்பார். பையனின் அம்மாகூடத் தன் தொட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள், மஞ்சள் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ. என் வீட்டுக்காரர் யார்மேலும் சந்தேகப்படவில்லை. மருந்துக் கடைக்கும் வார்டுக்கும் நடந்துகொண்டே இருந்தார். அவருக்கு அதுதான் வசதி.

அந்த அறையில் இன்னொரு கொடுமை உண்டு. நீல வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. குழந்தையும், நானும், சிஸ்டரின் வெள்ளை உடுப்பும் ஒரே மாதிரி நீலம் பூசினாற்போல் இருப்போம். தேறுகிறாளா இல்லையா என்று பெற்றவள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஊசி குத்தி ரத்தம் எடுத்து அவர்கள் சொன்னால்தான் உண்டு.

அன்று காலை டாக்டர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நாளைக்குக் காலைல ஒரு டெஸ்ட் எடுப்போம். அப்பவும் இறங்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். அங்க ரத்தம் மாத்த வேண்டி வரலாம்."

"மாத்தறதுன்னா?"

"இருக்கறத எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்தறது. பாதுகாப்பாத்தான் செய்வாங்க. ஆனா விட்டா மூளையப் பாதிச்சுடும், அதான் சொல்றேன்."

அவர் போய்விட்டார். ஒரு கை நீளம்கூட இல்லாத உடம்பு, அதிலிருந்து ரத்தத்தை எடுத்து வேறு யாருடையதையோ ஏற்றுவது. நான் அழவில்லை. அழுதால் பால் வற்றிவிடும் என்று மாமியார் அதற்கும் ஒன்று வைத்திருந்தார்.

மத்தியானம் ஜன்னல் பக்கத்துப் பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் போன கொஞ்ச நேரத்தில்தான் அண்ணி வந்தாள், தொழிற்சாலை அடையாள அட்டை கழுத்தில் தொங்க. குழந்தையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே இருந்த தகரப் பெட்டியைப் பார்த்தாள்.

"இந்த லைட்டு ஒழுங்கா எரியுதா?" என்று பெரிய சிஸ்டரிடம் கேட்டாள்.

"எரியுதே, கண்ணுக்குத் தெரியல?"

"எரியறது தெரியுது. எவ்வளவு எரியுதுன்னுதான் கேட்கறேன்."

சிஸ்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. குழந்தை இருக்கும்போது லைட்டைத் திறக்கக் கூடாது, தொடக் கூடாது என்றார். அண்ணி தர்க்கம் பண்ணவில்லை. கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்தாள். "திறக்கல. பிளக்க மட்டும் எடுத்து இது வழியா செருகறேன். ஒரு நொடி அணைஞ்சு எரியும், அவ்வளவுதான்." சிஸ்டர் சரியென்று சொல்வதற்குள் செருகியே விட்டாள்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டில் நூற்றைம்பது வாட் என்று போட்டிருந்தது. டியூப்கள் சூடேறி நிலைக்கட்டும் என்று அண்ணி காத்து நின்றாள். நானும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறைவாக வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற குழந்தைமேல் படுகிற வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அம்மா நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். லைட்டில் குறை இருந்தால் என்னிடம் குறை இல்லையல்லவா.

நூற்று ஐம்பத்திரண்டு என்று காட்டியது.

"சரியா இருக்கு" என்றாள் அண்ணி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. "டியூப்பு ஒவ்வொண்ணும் இருபது, மிச்சம் சோக்குக்கு. கணக்கு நேரா வருது. லைட்டு மேல தப்பில்ல."

"நான்தான் சொன்னேனே" என்றார் பெரிய சிஸ்டர்.

அண்ணி மீட்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பிறகு இஸ்திரிப் பெட்டி நாளில் பார்த்த அதே பார்வையை என் பக்கம் திருப்பினாள். சிஸ்டர் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

"ஒண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதே. குழந்தைய எத்தனை தடவை வெளிய எடுக்கறே?"

"பால் கொடுக்க."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

"அவ குடிக்கற வரைக்கும்."

"குடிச்சு முடிச்சதும் உடனே படுக்க வச்சிடறியா? பக்கத்துல அதே மாதிரி லைட்டு, அந்தப் பையனுக்கு இறங்கிடுச்சு. லைட்டுக்கு அடியில இருந்தாத்தானே இறங்கும். அதான் கேட்கறேன்."

எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. தையல் போட்ட இடம் இழுக்க இழுக்க எழுந்து நின்றேன். "அந்த மீட்டர எனக்கும் மாட்டிடுங்க அண்ணி. எத்தனை வாட் பாசம் இழுக்கறேன்னு அதுவே காட்டும்."

"நான் தப்பா சொல்லல."

"வேற எப்படிச் சொன்னீங்க? உங்கம்மா பால்ல குத்தம் சொல்றாங்க. சிஸ்டர் என்னைத் திருடி மாதிரி வேவு பாக்கறாங்க. நீங்க ஒருத்தராவது சாமான சந்தேகப்படுவீங்கன்னு நினைச்சேன். நீங்களும் ஆளத்தான் பிடிக்கறீங்க."

நான் மறுபடி உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். கோபம் ஆறிய பிறகு அதைவிட மோசமான ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தது. நேற்று விடியற்காலை பால் குடித்தபடியே தூங்கிப்போனாளே, அப்போது உடனே படுக்க வைத்தேனா? கொஞ்ச நேரம் அப்படியே மார்பில் வைத்திருந்தேனா? நானும் கண்ணயர்ந்துவிட்டேனோ? யோசிக்க யோசிக்க அந்தக் கொஞ்ச நேரம் நீண்டுகொண்டே போனது. ஊரே சந்தேகப்பட்டபோது தாங்கிக்கொண்டேன். என்மேல் எனக்கே வந்த சந்தேகத்தைத் தாங்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆயம்மா உள்ளே வந்தார். வார்டைப் பெருக்கித் துடைப்பதும் குழந்தைகளின் துணிகளை அலசுவதும் அவர்தான். தோளில் ஈரத் துணிகள் நாலைந்து. என் மகளின் லைட்டுப் பெட்டிக்கு மேலே அவற்றை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். நாள் முழுவதும் போடுவார், எடுப்பார். எனக்கு அது பழகிப்போயிருந்தது.

அண்ணிக்குப் பழகவில்லை. "என்ன பண்றீங்க?"

"காயப் போடறேன்மா. வெளியில ஈரக் காத்து, காயவே மாட்டேங்குது. இங்க போட்டா நிமிஷத்துல மொறுமொறுன்னு ஆயிடும்."

"அந்த ஜன்னல் பக்கத்து லைட்டு மேலயும் போடுவீங்களா?"

"அது உதவாதும்மா. போன வாரம் கூடப் போட்டுப் பாத்தேன். சாயங்காலம் வரைக்கும் சொதசொதன்னு அப்படியே கிடந்துச்சு. இதான் நல்ல லைட்டு."

அண்ணி எழுந்தாள். ஆயம்மா விரித்த துணியை விலக்கிவிட்டுத் தகரப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். நேராக ஜன்னல் பக்கத்து ஸ்டாண்டுக்குப் போய் அதன் சுவிட்சைப் போட்டாள். கீழே தொட்டில் காலியாக இருந்தது. அதன் பெட்டி மேல் கையை வைத்தபடி நின்றாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அளவுக்கு அது சுடவில்லை.

திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று.

"நான் பிளக்குல அளந்துட்டேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"பிளக்குல வர்றது மொத்தம். உள்ள போன பிறகு டியூப்பு எவ்வளவு எடுத்துக்குது, சோக்கு எவ்வளவு திங்குதுன்னு அதுல தெரியாது. அதப் பிரிச்சு அளக்கறதுதான் என் வேலையே. டெஸ்ட் ரூம்ல எவனாவது பிளக்குல அளந்து 'சரியா இருக்கு'ன்னு சொன்னா மீட்டரப் பிடுங்கிட்டு வெளிய அனுப்புவேன்." திறக்காத தகரப் பெட்டியைக் காட்டினாள். "சிஸ்டர் திறக்கக் கூடாதுன்னாங்க. ஆனா அது மட்டும் காரணமில்ல. நான் வரும்போதே தப்பு உன் மேலதான்னு நினைச்சுட்டு வந்தேன். நினைச்சதுக்கு ஏத்த மாதிரி அளவு வந்துச்சு. அதோட நிறுத்திட்டேன்."

மனசு உடனே இளகிவிட்டது என்று சொன்னால் அது பொய். "அப்ப லைட்டு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் அளக்கல. அளந்துட்டுச் சொல்றேன். ஆனா அளக்கற வரைக்கும் இவ இதுக்கு அடியில இருக்க வேண்டாம்."

பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டாள். ஜன்னல் பக்கம் காலியாகத்தானே இருக்கிறது, குழந்தையை அங்கே மாற்றுங்கள் என்றாள். எல்லாம் ஒரே லைட்டுதான், எதற்கு மாற்ற வேண்டும் என்றார் அவர். ஒரே லைட்டு என்றால் மாற்றுவதில் என்ன நஷ்டம் என்றாள் இவள். சிஸ்டர் தொட்டிலைப் பிடித்துத் தள்ளினார். என் மகள் தொட்டிலோடு ஜன்னல் பக்கம் போனாள்.

அண்ணி ஆட்டோ பிடித்துத் தொழிற்சாலைக்குப் போய்ச் சோதனை அறையிலிருந்த பெரிய மீட்டரையே கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். யாரிடம் கேட்டாள், கேட்டாளா இல்லையா, தெரியாது. அவள் வருவதற்குள் ஆஸ்பத்திரியின் எலெக்ட்ரீஷியனும் வந்து சேர்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தன் லைட்டில் எவளோ குறை சொல்கிறாள் என்ற கடுப்போடு பெட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்.

"பாருங்கம்மா" என்று, வயரைக் கவ்விப் பிடிக்கிற மீட்டரை ஒரு கம்பியில் மாட்டிக் காட்டினார். "இது கரண்டு. இதையும் வோல்ட்டையும் பெருக்குங்க. ஒரு டியூப்புக்கு அறுபதுக்கு மேல வருது. டியூப்புல போட்டிருக்கறதே இருபதுதான். மூணு மடங்கு போகுது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"மூணு மடங்கு போனா டியூப்பு இந்நேரம் கருகியிருக்கும்" என்றாள் அண்ணி. "இஸ்திரிப் பெட்டின்னா பெருக்கலாம்."

இஸ்திரிப் பெட்டி என்றதும் என்னையறியாமல் அவளைப் பார்த்தேன். அவளும் ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"சோக்கு போட்ட லைட்டுக்குப் பெருக்கக் கூடாதுண்ணே. வோல்ட் முன்னால வந்துடும், கரண்டு பின்னால வரும். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே கல்யாணத்துக்கு வேற வேற நேரத்துல வந்துட்டுப் போன மாதிரி. ரெண்டு பேரும் வந்தாங்கதான், ஆனா சேர்ந்து நிக்கலையே. சேர்ந்து இருக்கற நேரம்தான் வாட். அதை இந்த மீட்டர் மட்டும்தான் காட்டும்."

அவர் முணுமுணுத்தார். ஆனாலும் வயரைக் கழற்றிக் கொடுத்தார். அண்ணி பெரிய மீட்டரை டியூப்புக்குப் போகிற பாதையில் நுழைத்துக் கட்டினாள். டியூப்பின் இரண்டு முனையிலும் மெல்லிய கம்பிகளைக் கவ்வ வைத்தாள். சுவிட்சைப் போட்டாள். நீலம் பளிச்சென்று வந்தது. என் கண்ணுக்கு ஜன்னல் பக்கத்து நீலத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவள் அவசரப்படவில்லை. சூடேறட்டும், சூடேறட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"பன்னெண்டு" என்றாள் கடைசியில். "இருபது போக வேண்டிய இடத்துல பன்னெண்டு."

ஆறு டியூப்களையும் அளந்தாள். எல்லாம் பன்னிரண்டை ஒட்டியே வந்தன. பிறகு கம்பிகளை மாற்றிக் கட்டிச் சோக்கை அளந்தாள். ஐந்தோ ஆறோ தின்ன வேண்டிய சோக்கு ஒவ்வொன்றும் பதிமூன்று தின்றுகொண்டிருந்தது. தின்றதையெல்லாம் சூடாக்கி மேலே விட்டது. அந்தச் சூட்டில்தான் ஆயம்மாவின் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்தன. கீழே என் மகளுக்கு மிச்சம் மீதிதான் கிடைத்தது.

"டியூப்புக்குக் குறைஞ்சது எவ்வளவோ, சோக்குல கூடினதும் அவ்வளவே. ரெண்டு தப்பும் சேர்ந்து பிளக்குல சரியான எண்ணக் காட்டிடுச்சு" என்றாள் அண்ணி. ஒரு சோக்கைக் கழற்றிக் கையில் வைத்து எடை பார்த்தாள். "லேசா இருக்கு பாருங்கண்ணே. நல்ல இரும்பு இல்ல, கம்பியும் சன்னம். எப்ப மாத்தினீங்க?"

எலெக்ட்ரீஷியன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். "பழசு கருகிப் போச்சும்மா. கடையில இதான் இருந்துச்சு. மாட்டினேன், பளிச்சுன்னு எரிஞ்சுது. எரியற லைட்ட யாரு சந்தேகப்படுவா?" அவர் குரலில் இப்போது கடுப்பு இல்லை. தொட்டில் பக்கம் பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, முடியவில்லை. இதற்கு முன்னால் இந்தச் சுவர் ஓரத்தில் எத்தனை குழந்தைகள் படுத்திருக்கும், எத்தனை அம்மாக்கள் தண்ணீர் குடிக்கவில்லை என்று திட்டு வாங்கியிருப்பார்கள் என்ற நினைப்புதான் வந்தது. பெரிய சிஸ்டருக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும். ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எந்தச் சோக்கு வாங்க வேண்டும், கையில் எடுத்தால் என்ன கனம் கனக்க வேண்டும் என்று அண்ணி எலெக்ட்ரீஷியனுக்குச் சொன்னாள். அவர் மூடியை மாட்டிவிட்டு, நாளைக்கு வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். அவர் போனதும் அவர் வைத்துவிட்டுப் போன கம்பி வெட்டுகிற பிளையரை எடுத்தாள். சுவர் பக்கத்து ஸ்டாண்டின் வயரைச் சுவரிலிருந்து உருவினாள். பிளக்கை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினாள்.

"ஏம்மா, ஆஸ்பத்திரி சாமான்" என்றார் பெரிய சிஸ்டர், தீனமாக.

"புதுக் குழந்தை வரும் சிஸ்டர். அவசரம்னு யாராவது செருகிடுவாங்க. எரியுதேன்னு விட்டுடுவாங்க."

வெட்டிய பிளக்கை என் கையில் வைத்தாள். வாலில் கொஞ்சம் வயர் தொங்கியது. "இத நீ வச்சுக்கோ. சோக்கு மாத்தற வரைக்கும் யார் கேட்டாலும் கொடுக்காதே."

"எங்கிட்டயா?"

"வேற யார்கிட்ட கொடுப்பேன்?"

நான் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் மன்னிப்பு கேட்கவில்லை. போகிற போக்கில் தொட்டிலுக்குள் குனிந்து என் மகளின் குதிகாலை ஒற்றை விரலால் தொட்டாள். ஊசி குத்திக் குத்திச் சிவந்திருந்த குதிகால்.

மறுநாள் காலை ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பி வரும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். லைட்டு குறை என்று தெரிந்துவிட்டது சரி. ஆனால் காரணம் அது மட்டும்தானா? லைட்டும் சேர்ந்து, நானும் சேர்ந்துதானா? அந்தச் சந்தேகம் எந்த மீட்டருக்கும் அகப்படாமல் உள்ளேயே கிடந்தது. டாக்டர் சீட்டோடு வந்தார்.

"பதினாறுக்கு வந்துடுச்சு. இனி எங்கயும் அனுப்ப வேண்டாம். அம்மா நல்லா ஒத்துழைச்சிருக்கீங்க."

"நேத்து என்ன செஞ்சேனோ அதையேதான் டாக்டர் முந்தாநாளும் செஞ்சேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற பெரிய சிஸ்டருக்குப் புரிந்தது. வெளியே மாமியார், தான் சொன்னபடி நான் தண்ணீர் குடித்ததால்தான் இறங்கியது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தச் சந்தோஷம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் மகளை எடுத்துப் பால் கொடுத்தேன். அவள் தூங்கிப்போன பிறகும் ஒரு நிமிஷம் கூடுதலாக வைத்திருந்தேன். வேண்டுமென்றே வைத்திருந்தேன், யாருக்கும் பயப்படாமல். அப்போதுதான் அழுதேன், பால் வற்றினால் வற்றட்டும் என்று.

மத்தியானத்துக்குள் இன்னொரு குழந்தைக்கு மஞ்சள் என்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். சின்னப் பெண், முதல் பிரசவம், மிரண்டுபோய்க் கதவருகே நின்றாள். எலெக்ட்ரீஷியன் பை நிறைய சோக்கோடு வந்து, கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். முடித்துவிட்டு என்னிடம் கை நீட்டினார்.

"பிளக்கக் கொடுங்கம்மா."

"எல்லாத்தையும் மாத்தியாச்சா?"

"ஆச்சு."

"ஆறுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பையைத் திறந்து கழற்றிய பழைய சோக்குகளைக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன். ஒன்றைக் கையில் எடுத்தேன், லேசாக இருந்தது. புதிதில் மிச்சமிருந்த ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன், கை தாழ்ந்தது. அதன் பிறகுதான் தலையணைக்கு அடியிலிருந்து பிளக்கை எடுத்துக் கொடுத்தேன்.

புதுக் குழந்தை சுவர் பக்கம் படுத்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இந்த லைட்டு நல்லா எரியுமாக்கா?" என்று கேட்டாள். இரு, சொல்கிறேன் என்றேன்.

ஆயம்மா வழக்கம்போல ஈரத் துணிகளோடு வந்தார், வழக்கம்போலச் சுவர் பக்கத்துப் பெட்டி மேலே விரித்தார். விரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் மகளுக்கு அடுத்த வேளைப் பால் கொடுக்கும் நேரம் வந்தபோது ஆயம்மா துணியை எடுக்க வந்தார். தொட்டுப் பார்த்தார், பிழிந்து பார்த்தார், பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா இருந்த லைட்டக் கெடுத்து வச்சிருக்காங்க" என்றார். "இனிமே துணிய எங்க கொண்டுபோய்க் காயப் போடறது?"

நான் எழுந்து போய்ப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. கையை எடுக்காமலே அண்ணிக்குப் போன் போட்டேன்.

"சோக்கு மாத்திட்டாங்க அண்ணி. துணி காயல."

"தொட்டுப் பாத்தியா?"

"கை அதுமேலதான் இருக்கு."

மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பி வருகிறேன் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"சரி. நீ சொன்னா சரி" என்றாள்.

சாயங்காலம் வந்தபோது அவள் கையில் குழந்தைக்கு ஒரு சட்டை மட்டும்தான் இருந்தது.